பத்தாம் எண்ணுக்கு என் வீட்டுக்காரர் எழுதிய விளக்கம்

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் "பதினொண்ணு சார்" என்று கூப்பிடுவார்கள். எந்த நிரல் செத்து விழுந்தாலும், எட்டிக்கூடப் பார்க்காமல், "பதினொண்ணா இருக்கும்" என்பார். பத்துக்கு ஏழு தடவை பதினொன்றாகத்தான் இருக்கும். கணினிக்குள் ஓடுகிற ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்தால், இயங்குதளம் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். நிறுத்தும்போது ஏன் நிறுத்தினேன் என்று வாயைத் திறந்து சொல்லாது, ஓர் எண்ணை மட்டும் கொடுக்கும். அந்த எண்ணுக்குச் சிக்னல் என்று பெயர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் சொல்லி, நான் தலையாட்டி, இரண்டு பேருமாகப் புரிந்தது என்று முடித்துக்கொண்டவை.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மூலத்தையும் அச்சுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு புள்ளி குறைந்தாலும் கண்ணில் உறுத்தும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. இந்த விவகாரத்தில் அந்தத் திமிருக்கும் பங்கு இருக்கிறது.

அவருக்கு வேலை ஒரு மருந்துக் கிடங்கில். தடுப்பூசி மருந்துகளைக் குளிரில் வைத்திருக்கும் எட்டு அறைகள், ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு சிவப்பு விளக்கு, நடைபாதையின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட இயந்திர அறை. நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டு அறைகளின் வெப்பத்தையும் படித்து, கொஞ்சம் கூடினாலும் மணி அடிக்கிற நிரலைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சி மொழியில் எழுதியவர் அவர்தான். அதற்குக் காவலாளி என்று பெயர். காவலாளி விழுந்துவிட்டால் ஏன் விழுந்தது என்று பதிவேட்டில் எழுதிவைக்க இன்னொரு சின்ன நிரல், அதுவும் அவருடையதே. விழுந்ததைத் தானாகவே எழுப்பிவிடும்படி எழுதியிருக்கலாம். காரணம் தெரியாமல் எழுப்பக் கூடாது, ஒரு மனுஷன் வாசித்துப் பார்த்துத்தான் எழுப்பணும் என்பது அவர் கொள்கை. கொள்கைக்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

கணினிக்காரர் என்றுதான் பெயர், ஆனால் வெறும் எண்ணைக் கண்டால் அவருக்கு ஆகாது. துணி துவைக்கும் இயந்திரம் E4 என்று காட்டினால் என்ன அர்த்தம் என்று அதன் மூடியிலேயே சீட்டு எழுதி ஒட்டுவார். மின்சாரப் பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே விளக்கம் இருக்கும், "இதை அணைத்தால் குளியலறையில் இருப்பவர் திட்டுவார்" உட்பட. இதற்குப் பின்னால் ஒரு வேதனை இருக்கிறது. என் மாமனார் கடைசி மூன்று மாதம் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஏழு புள்ளி ரெண்டுன்னா நல்லதா, கெட்டதா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டார். யாரும் நின்று பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். எண்ணைக் கொடுக்கிறவன் அதன் அர்த்தத்தையும் சேர்த்துக் கொடுக்கணும் என்று அன்றைக்கு இவர் சொன்னது, எனக்குத் தெரிந்து, இவர் கோபமாகச் சொன்ன ஒரே வாக்கியம்.

அதனால் காவலாளியை எழுதியபோது, பதிவேட்டில் வெறும் எண் வரக் கூடாது என்று முடிவு செய்தார். அந்தக் காலத்து இயந்திரத்தோடு வந்த தடித்த கையேட்டில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை சிக்னல் எண்களும் அவற்றின் பொருளும் இருந்தன. ஒரு ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நான் கையேட்டைப் பார்த்து வாசிக்க, அவர் தட்டினார். முப்பத்தொரு வரி, வரிசையாக. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அத்தனையாவது வரியில் இருப்பது வெளியே வரும். வெறும் மொழிபெயர்ப்பாக இல்லாமல், கிடங்கில் இருப்பவர்கள் வாசித்ததும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரியும்படி எழுதினோம். பதினொன்றுக்கு "தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தைத் தொட்டது, நிரல் எழுதியவரைக் கூப்பிடவும்." ஒன்பதுக்கு "வெளியிலிருந்து கட்டாயமாக நிறுத்தப்பட்டது. யார் நிறுத்தினார் என்று விசாரிக்கவும்." பத்துக்கு "வன்பொருள் பாதையில் பழுது. நினைவகப் பலகை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுப்பவும்." பழுது என்ற சொல் நான் கொடுத்தது. முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை.

எண்ணைச் சேர்த்து அச்சடிக்கவேண்டாம் என்றும் அன்றைக்கே முடிவாயிற்று. விளக்கம் இருக்கும்போது எண் எதற்கு, ஆட்களைப் பயமுறுத்தவா என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இனி என் தம்பி. எனக்கு ஒன்பது வயது இளையவன். அவனுக்குக் கிடங்கில் வைத்த பெயர் திருப்புளி. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் அது இருக்கும். படிப்பு ஏறவில்லை. நாலு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு இடத்திலும் ஏதோ ஒரு காரணத்துக்கு நின்றான். ஆனால் கை மட்டும் தங்கம். எதைத் திறந்தாலும், திறந்த சுவடு தெரியாமல் மூடுவான். என் வீட்டுக்காரர் மேலாளரிடம் சொல்லி, இயந்திர அறையின் வன்பொருளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு இவனைச் சேர்த்துவிட்டார். நாலு வருஷமாக ஒரு புகார் இல்லை. அத்தான் என்றால் அவனுக்கு உயிர். அத்தான் சொல்லிவிட்டால் சூரியன் வடக்கே உதித்தாலும் சரி என்பான்.

போன மாதம் கிடங்கில் பழைய இயந்திரத்தைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். நினைவகப் பலகைகளைப் பொருத்தியது தம்பி. காவலாளியை அதில் ஏற்றியது அவர். ஒரு முனகல் இல்லாமல் ஏறிவிட்டது என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குக் காவலாளி விழுந்தது. பதிவேட்டில் நாங்கள் எழுதிய வரி: வன்பொருள் பாதையில் பழுது, நினைவகப் பலகையைப் பார்த்த பிறகே எழுப்பவும்.

தம்பி பெட்டியைத் திறந்து, பலகைகளைக் கழற்றி, துடைத்து, மாட்டினான். காவலாளி எழுந்து ஆறு நாள் ஒழுங்காக ஓடியது. ஏழாம் நாள் திங்கட்கிழமை, அதே நேரம், அதே வரி. பலகையையே மாற்றினான். மறு திங்களும் விழுந்தது. திங்கள் காலையில்தான் அவன் இயந்திர அறையைத் தூசு தட்டிச் சுத்தம் செய்வது. ஆக, அவன் அந்த அறையில் இருக்கும்போதுதான் விழுகிறது. இதை முதலில் கவனித்தவர் மேலாளர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டால் அதைப் பிடித்துத் தொங்குகிற ஆள்.

நாலாவது திங்கள்தான் வினை. காவலாளி விழுந்தது, எழுப்புவதற்கு முன் பலகையைப் பார்க்கவேண்டும் என்று விளக்கம் சொல்கிறது, தம்பி எல்லாப் பலகையையும் கழற்றிப் பரிசோதித்து முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் மூன்றாம் அறையின் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்திருக்கிறது. மணி அடிக்கவேண்டிய காவலாளி படுத்துக் கிடந்தது. ஓர் அடுக்கு மருந்து முழுவதும் வீணாகிப்போனது. சனிக்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தரவேண்டும் என்று தம்பிக்குக் கடிதம் வந்தது. சரியான விளக்கம் இல்லையென்றால் வேலை போய்விடும், வேறு எங்கும் சேர முடியாதபடி ஒரு குறிப்போடு போகும்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தம்பி சாயங்காலம் வந்து உட்கார்ந்து, கையை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொருத்தமாத்தான் அத்தான் மாட்டினேன். ரெண்டு பக்கமும் க்ளிக்னு கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் மச்சான் பழுதுன்னு வருது?"

"அதான் எனக்கும் புரியல."

"ஒரு வேள மாட்டும்போது லேசா சாஞ்சிருக்குமோ?"

"சாஞ்சிருக்குமோ? இருக்கலாம் அத்தான். நீங்க சொன்னா இருக்கலாம்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போனதும் கேட்டேன். "உங்க ப்ரோக்ராம்ல தப்பு இருக்கக் கூடாதா? எப்பப் பாரு அவன் கையையே சொல்றீங்க?"

"நான் எங்க சொல்றேன்மா? பதிவு நோட்டுல வருது."

"நோட்டுல எழுதுறது யாரு?"

"ப்ரோக்ராம் எழுதுது."

"ப்ரோக்ராம எழுதினது யாரு?"

"நம்ம ரெண்டு பேரும்தான்," என்றார், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

சனிக்கிழமை தம்பி என்ன எழுதிக் கொடுத்தான் என்று எங்களிடம் சொல்லவில்லை. போனை எடுக்கவில்லை. ஞாயிறு காலை இவர் பரண் மேலிருந்து அந்தப் பழைய கையேட்டை இறக்கி, நிரலின் முப்பத்தொரு வரியையும் அச்சடித்து, இரண்டையும் என் முன்னால் வைத்தார்.

"இன்னொரு தடவ பாத்துடும்மா. எங்கயாவது ஒரு வரி மேல கீழ ஆயிருந்தா பத்துக்கு வேற எதோட விளக்கமோ வரும்."

பார்த்தேன். விரலை வைத்து, எண் எண்ணாக. ஒரு வரி மாறவில்லை, ஓர் எழுத்துப் பிசகவில்லை. "சுத்தமா இருக்கு" என்றேன். பிழை கிடைக்காததற்காக நான் வருத்தப்பட்டது என் தொழிலில் அன்றைக்கு ஒருநாள்தான். அவர் முகமும் தொங்கிப்போயிற்று.

பிறகு வீட்டுக் கணினியில் உட்கார்ந்தார். கிடங்கின் புது இயந்திரத்தில் உள்ள அதே இயங்குதளம்தான் அதிலும் இருந்தது. சி மொழியின் நூலகத்திலேயே ஸ்ட்ர்சிக்னல் என்று ஒன்று இருக்கிறதாம். எண்ணைக் கொடுத்தால் அந்த இயந்திரத்தில் அதற்கு என்ன பொருளோ அதைச் சொற்களாகத் திருப்பித் தரும். பழைய இயந்திரத்தில் அது கிடையாது, அதனால்தான் நாங்கள் கையால் எழுத நேர்ந்தது. நம் விளக்கத்துக்குத் துணையாக அதன் சொற்களும் பக்கத்தில் இருக்கட்டும் என்று, ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கேட்டு, எங்கள் வரியையும் அதன் பதிலையும் இரண்டு பத்தியாக அச்சடித்தார். அச்சு இயந்திரத்திலிருந்து தாளை எடுத்தவர் நின்றவாக்கில் நின்றார்.

"இங்க வாயேன்."

போய்ப் பார்த்தேன். முதல் ஆறு எண்ணும் இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. ஏழு ஒத்துப்போகவில்லை. எட்டு, ஒன்பது சரி. பத்து இல்லை. பதினொன்று சரி, பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து சரி. பதினாறிலிருந்து ஒன்றுகூடச் சேரவில்லை. ஒரு பத்தி ஒரு புத்தகத்திலிருந்தும் இன்னொரு பத்தி வேறு புத்தகத்திலிருந்தும் எடுத்துக் கோத்தது மாதிரி இருந்தது. பத்துக்கு எங்கள் பக்கம் பழுது, பலகை என்று நீளமாக ஓடியது. அந்தப் பக்கம் "பயனர் தமக்கென வைத்துக்கொள்ளும் முதல் சிக்னல்" என்று பொருள்படும் நாலு சொல்.

"எது பொய் சொல்லுது?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சொல்லல" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "புஸ்தகம் பழைய மெஷினோட புஸ்தகம். அதுல பத்துன்னா பழுதுதான். இதுல பழுதுக்கு ஏழாம் நம்பர். பத்து வேற எதுக்கோ."

"ஒரே நம்பர் எப்படிங்க மெஷினுக்கு மெஷின் வேறயா இருக்கும்?"

"இருக்கும்போல."

"போலவா? நீங்கதானே இந்த வேல பாக்குறீங்க?"

தினமும் வருகிற ஒன்பதும் பதினொன்றும் பதினைந்தும் இரண்டு இயந்திரத்திலும் ஒன்றாகவே இருந்து தொலைத்ததால், மற்றவையும் அப்படித்தான் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார். எண்ணையாவது பதிவேட்டில் அச்சடித்திருந்தால் யாராவது புதுக் கையேட்டைத் திறந்து பார்த்திருப்பார்கள். நாங்கள்தான் எண் எதற்கு என்று மறைத்துவிட்டோமே. நான் சரிபார்த்த தாளை மறுபடி கையில் எடுத்தேன். அதில் இப்போதும் பிழை எதுவும் இல்லை.

"அப்ப பத்த அனுப்புறது யாரு?" என்றேன்.

வீட்டிலிருந்தே கிடங்கின் இயந்திரத்துக்குள் நுழைந்து அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மதியம் வரை ஆயிற்று. புது இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தவர்கள், போகும்போது ஒரு வாராந்தர வேலையை அதில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை நிரம்பிய பதிவேட்டை எடுத்து ஒதுக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கெல்லாம் "புது ஏட்டைத் திற" என்று பத்தாம் சிக்னலை அனுப்பவேண்டும். புரிகிற நிரல் புது ஏட்டைத் திறக்கும். புரியாத நிரல், அதாவது பத்து வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்காத நிரல், அந்த இடத்திலேயே செத்துவிடும். அதுதான் வழக்கமாம். இப்படி ஒரு வழக்கத்தை யார் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்கள் அந்த வேலையை ஏற்றி முடித்த நேரம் ஒரு திங்கள் காலை பத்தே கால். அதையே வாராவாரத்துக்கும் வைத்துவிட்டார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மறுநாள் திங்கள். அச்சகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் கிடங்குக்குப் போனேன். மேலாளர் அறையில், என் வீட்டுக்காரர் தாளை விரித்துச் சொல்லச் சொல்ல, மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நோட்டுல எழுதியிருக்கறது தப்பா?"

"எழுதினது சரி சார். இந்த மெஷினுக்குத் தப்பு."

"சரியா, தப்பா? ஒண்ணு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் தாளை மடித்து வைத்தார். "பத்தே காலுக்குப் பாருங்க சார்" என்றார். இயந்திர அறைக்குள் யாரையும் விடாமல் பூட்டி, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவருடைய மடிக்கணினியோடு மூன்று பேரும் நின்றோம். காவலாளி விழுந்திருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ள, ஒவ்வோர் அறைக் கதவருகிலும் ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். பத்தே காலுக்குக் காவலாளி விழுந்தது. முந்தின நாளே அவர் மாற்றிவைத்தபடி, பதிவேட்டில் இந்தத் தடவை எண்ணும் வந்தது, நூலகத்தின் சொற்களும் வந்தன. என் வீட்டுக்காரர் உடனே எழுப்பிவிட்டார், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேலாளர் பூட்டைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், மறுபடி பூட்டைப் பார்த்தார்.

"ஆளே இல்லையே உள்ள" என்றார்.

"அதத்தான் சார் சொல்றோம்" என்றேன் நான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

மேலாளர் தம் மேசைக்குத் திரும்பி, இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தம்பியின் கையெழுத்து. "நினைவகப் பலகையை மாட்டும்போது என் இடது கை வழுக்கியது. அதை நான் அப்போது சொல்லவில்லை. தவறு என்னுடையது. வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்."

"அவரே ஒத்துக்கிட்டாரேம்மா. நான் என்ன பண்றது?" என்றார் மேலாளர். அவர் குரலிலும் குழப்பம்தான் இருந்தது. "இது அஞ்சு மணிக்கு மேலிடத்துக்குப் போயிடும். அதுக்குள்ள இது தப்புன்னு அவர் கைப்பட எழுதிக் குடுத்தா நிறுத்தி வைக்கலாம். உங்க வீட்டுக்காரர் எழுதினா செல்லாது."

தம்பி குடியிருப்பது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கதவு திறந்தே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மேசை விசிறியைப் பிரித்துப் பாயில் பரப்பி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரித்து இரண்டு நாள் ஆயிற்றாம்.

"மாட்டல?" என்றேன்.

"கை பட்டா எதாவது ஆயிடுமோன்னு இருக்குக்கா."

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கையேடு, புது இயந்திரம், இரண்டு பத்தி, பத்தே கால், பூட்டிய கதவு. தாளை நீட்டினார். தம்பி அதை வாங்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப என் கை வழுக்கினது?"

"வழுக்கவே இல்ல மச்சான். பலகைக்கு ஒண்ணுமே ஆகல."

"இல்ல அத்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." இடது கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கட்டைவிரல்தான். ஓரத்துல பட்டு லேசா வழுக்குச்சு. டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு."

"போன வாரம் வரைக்கும் க்ளிக்னு சரியா மாட்டினேன்னுதானேடா சொன்ன?" என்றேன்.

"அப்ப அப்படித்தான் நெனச்சேன். வாராவாரம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். மொதல்ல வழுக்கலன்னுதான் தோணுச்சு." அவன் என்னைப் பார்க்காமல் விசிறியைப் பார்த்துப் பேசினான். "ஆனா நோட்டுல இருக்கறது அத்தான் எழுதினது. அத்தான் ஒரு வார்த்தை போட்டா நாலு தடவ யோசிச்சுத்தான் போடுவாரு. அவரு எழுதினது சரின்னா, என் கைதானேக்கா தப்பா இருக்கணும்? அதுக்கப்புறம்தான் வழுக்கினது ஞாபகம் வந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. பழுது என்ற சொல்லைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் நான். என் வீட்டுக்காரர் நீட்டிய தாளை மடக்கவும் தெரியாமல், திரும்ப வாங்கவும் தெரியாமல் அப்படியே நின்றார்.

"அது தப்பு மச்சான். நான் எழுதினது தப்பு. இப்ப சொல்றதுதான் சரி."

"அன்னிக்கும் சரின்னுதானே எழுதினீங்க?" தம்பி குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். "நான் எத நம்பட்டும் அத்தான்?"

எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிற மனுஷன். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியல மச்சான்" என்றார்.

தம்பி அப்போதுதான் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு விசிறியின் பாகங்களைக் கையால் ஓரமாக ஒதுக்கி, பாயில் அவருக்கு இடம் விட்டான். அவர் உட்கார்ந்தார்.

மணி மூன்று ஆகிக்கொண்டிருந்தது. நான் காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். கை வழுக்கவில்லை என்று எழுதச் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். வழுக்கியது ஞாபகத்தில் இருக்கும்போது வழுக்கவில்லை என்று எப்படி எழுதுவது, அது பொய்யாகிவிடாதா என்றான். எனக்குக் கோபம் வந்தது. "பொய் எழுதினாத்தான் என்னடா, வேல போகுது" என்றேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, பேசாமல் இரு என்று ஜாடை காட்டினார். தம்பி பேனாவை எடுத்துக் குனிந்து, நிறுத்தி நிறுத்தி எழுதினான். முடிக்க அரை மணி ஆயிற்று. எழுதியதை அத்தானிடம் நீட்டினான். அவர் வாய்விட்டு வாசித்தார்.

"என் கை வழுக்கியதாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. வழுக்கவில்லை என்று அத்தான் தாளோடு வந்து சொல்கிறார். இரண்டில் எது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஒத்துக்கொண்டு எழுதிவிட்டேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்."

வாசித்து முடித்துவிட்டு அவர் மூக்கை உறிஞ்சினார். "இது போதுமா அத்தான்?" என்று கேட்டான் தம்பி. போதுமா போதாதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்று பேருமாக மாடிப்படி இறங்கி, ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேகமாக நடந்தோம்.